லயத்துக் கதவு மேசையாகலாம்: பழைய மரத்துக்கு மறுவாழ்வு

தோட்டம் துண்டாடப்பட்டு லயன் வீடுகள் இடிபடும்போது லாரியில் ஏறுவது கட்டில், அலமாரி, சாமிப் படம் ஆகியவைதான். மூன்று தலைமுறை கைபட்ட கதவும் ஜன்னல் பலகையும் குப்பைமேட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடுகின்றன. அந்தக் கதவுகளில் சில, இன்று கடையில் விற்கும் எந்தப் பலகையையும்விட உறுதியானவை. தரம் பார்த்து எடுத்துப் பக்குவப்படுத்தினால் அவை மேசையாக, பெஞ்சாக, சாமி மேடையாக இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

எந்த மரம்?

மலேசியாவின் பழைய கட்டடங்களில் உத்தரம், தூண், கதவு நிலை போன்றவற்றுக்குச் செங்கால், பாலாவ், மெர்பாவ் முதலிய வன்மரங்கள் பயன்பட்டன. இவற்றில் செங்காலுக்கே முதலிடம். மருந்து பூசாமலே கரையானையும் மழையையும் தாங்கும். வளர நெடுங்காலம் பிடிக்கும் என்பதால் புதிய செங்கால் பலகையின் விலை மிக அதிகம். சுவர்ப் பலகைகள் பெரும்பாலும் மெராந்தி போன்ற இலகுவான மரங்கள். வீட்டுக்குள் அலமாரிக்கு அவை போதும், ஈரம் படும் இடத்துக்கு ஆகாது.

ரப்பர் மரத்தின் கதை வேறு. 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரம் வெட்டப்படும். ஒரு காலத்தில் அது வெறும் விறகு. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் வண்டும் பிடிக்கும் என்பதே காரணம். உடனே அறுத்து, போரான் உப்பு மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு நிலை மாறியது. இன்று ஜொகூரின் மூவார் வட்டாரத் தளவாடத் தொழிலுக்கு ரப்பர் மரம் முக்கிய மூலப்பொருள். நம் பாட்டிமார் உளி பிடித்துக் கீறிய மரம், மேசை நாற்காலியாகக் கடல் கடந்து போகிறது. ஆனால் மருந்தேற்றாத ரப்பர் கட்டையைத் தோட்டத்திலிருந்து எடுத்து வந்து பெஞ்சு செய்தால் வண்டு அரித்துவிடும்.

எடுப்பதற்கு முன்

கைவிடப்பட்ட லயமானாலும் அதன் கதவு தோட்ட நிர்வாகத்துக்கோ நிலத்தை வாங்கியவருக்கோ சொந்தம். எழுத்துமூலம் அனுமதி பெற்ற பிறகே கழற்ற வேண்டும். 2008-இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த மலாக்கா, ஜார்ஜ் டவுன் நகரங்களின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில், கட்டட உரிமையாளரே ஆனாலும் முகப்புக் கதவையோ பூ ஓட்டையோ தம் விருப்பப்படி பெயர்க்க முடியாது. தோட்டத்துக் கோயில் இடம்பெயரும்போது அதன் கதவு, தூண்களைக் கோயில் நிர்வாகத்தைக் கேட்டே எடுக்க வேண்டும். புதிய கோயிலில் அவற்றைப் பொருத்துவதே முறை.

சோதிக்கும் விதம்

திருப்புளி முனையால் பலகையின் ஓரத்தையும் அடிப்பாகத்தையும் அழுத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் உளுத்துவிட்டது. தட்டும்போது பொத்தென்று ஒலித்தால் உள்ளே கரையான் அரித்திருக்கலாம். சிறு துளைகளும் அவற்றின் கீழே புது மாவும் தெரிந்தால் வண்டு உயிரோடிருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற சாமான்களுக்கும் பரவும்.

மூன்று ஆபத்துகள்

முதலாவது ஈயம். பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்தால் தூசு மூச்சில் கலக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பெருங்கேடு. ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே சுரண்ட வேண்டும்.

இரண்டாவது ரயில் சிலிப்பர் கட்டை. கான்கிரீட் கட்டைகள் வந்த பிறகு பழைய மரக்கட்டைகள் தோட்ட அலங்காரத்துக்கு விலைபோகின்றன. தார் நாற்றம் வீசினால் அதில் கிரியோசோட் என்ற மருந்து ஏறியிருக்கிறது. அது புற்றுநோய் அபாயமுள்ள பொருள். அப்படிப்பட்ட கட்டை சாப்பாட்டு மேசைக்கோ கட்டிலுக்கோ கூடாது. விறகாகவும் எரிக்கக்கூடாது.

மூன்றாவது பழைய கூரைத் தகடு. துருப்பிடித்த தகரம் ஆபத்தில்லை, சுவர் அலங்காரத்துக்கு உதவும். சாம்பல் நிறச் சிமெண்டுத் தகட்டில் கல்நார் இருக்கலாம். அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், தொடாமல் விடுவதே நல்லது.

கதவிலிருந்து மேசை

கழற்றிய பலகைகளை உடனே அறுக்காதீர்கள். இடையிடையே சிறு சட்டம் வைத்து அடுக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் சில வாரங்கள் விட வேண்டும். அவசரப்பட்டால் பிறகு மரம் முறுக்கிக்கொள்ளும். அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டிப் புதைந்த ஆணிகளைத் தேடி எடுக்க வேண்டும். ஓர் ஆணி போதும், வாள் பல் உடைந்து தெறிக்க. வன்மரத்தில் திருகாணி நேரே இறங்காது. முதலில் துளையிட வேண்டும்.

மேசையின் உயரம் சுமார் 75 செண்டிமீட்டர். பாட்டி வீட்டில் மூலையில் கிடக்கும் தையல் இயந்திரத்தின் இரும்புக் கால் இதற்கு ஏறக்குறையப் பொருந்தும். கனமான செங்கால் கதவை அதன்மேல் வைப்பதென்றால் நடுவே இன்னொரு தாங்கல் தேவை. கதவின் செதுக்கலை மறைக்காமல் மேலே தடித்த கண்ணாடி போடலாம். பழைய கீலையும் நாதாங்கியையும் கழற்ற வேண்டியதில்லை. அது எந்த வீட்டுக் கதவு என்று சொல்வதே அவைதாம்.

பால் பிடித்த மங்குகளில் பூச்செடி வைப்போர் அடியில் துளையிட வேண்டும். நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடியேறும்.

சிங்கப்பூரில்

வீவக வீட்டின் தாழ்வாரத்தில் பெஞ்சு போடுவோர் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். பழைய செதுக்குக் கதவை வாசற்கதவாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் வீவகவிடம் கேட்க வேண்டும். படிக்கட்டுக்கு அருகிலுள்ள வீடுகளுக்குத் தீத்தடுப்புக் கதவு தேவைப்படலாம்.

இடிப்பதற்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால் காத்திருக்க நேரமில்லை. மண்வாரி இயந்திரம் ஒரு பகலில் முழு லயத்தையும் தரைமட்டமாக்கிவிடும். அதற்கு முன்பே அனுமதிக் கடிதத்தை வாங்கி வையுங்கள். குடும்பத்துக்கு ஒரு கதவு போதும். அதன் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரையும் வாழ்ந்தவர்களின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தால், பேரப்பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது கேட்பார்கள்.