சமூகப்பணிக் கல்வி

சமூகப்பணிக் கல்வி என்பது, வறுமை, நோய், முதுமை, குடும்பச் சிதைவு, சாதி ஒடுக்குமுறை முதலியவற்றால் நிலைகுலைந்தோர்க்கு முறையறிந்து துணைநிற்கக் கூடியவர்களை உருவாக்கும் உயர்கல்வித் துறையாகும். இந்தியாவில் இது பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் ஈராண்டு முதுநிலைப் பட்டமாகவும், பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் இளநிலைப் பட்டமாகவும் கற்பிக்கப்படுகிறது. சமூகவியல், உளவியல், சட்டம், பொருளியல் ஆகியவற்றிலிருந்து இத்துறை தாராளமாகக் கடன் பெற்றிருப்பினும், அறிந்ததைத் துன்புற்றவரின் அருகில் நின்று செயல்படுத்தப் பழகும் களப்பணியே இதனை அத்துறைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

இக்கல்வியின் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில்நகரங்களில் உள்ளன. 1869-இல் லண்டனில் தோன்றிய அறக்கொடை ஒருங்கமைப்புச் சங்கம், உதவி கோருவோரின் இல்லங்களுக்கு ஆட்களை அனுப்பி, ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் விசாரித்தறிந்த பின்னரே உதவி வழங்க வேண்டும் என்னும் முறையை வகுத்தது. அதற்கு மாறாக, 1884-இல் அதே நகரில் தொடங்கிய டாயின்பீ இல்லமும், 1889-இல் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் ஆகியோர் சிகாகோவில் நிறுவிய ஹல் இல்லமும், படித்தவர்கள் ஏழைகளின் குடியிருப்பிலேயே தங்கி அவர்களோடு சேர்ந்து சூழலை மாற்ற முயலும் வழியைக் கண்டன. தனிமனிதரைக் கவனிப்பதா, அவர் வாழும் சூழலைச் சீர்திருத்துவதா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. இன்றைய பாடத்திட்டங்களிலும் அது தீர்ந்தபாடில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற, 1898-இல் நியூயார்க்கில் சில வாரக் கோடைகாலப் பயிற்சி ஒன்று நடத்தப்பட்டது; பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது அதுவே. 1899-இல் ஆம்ஸ்டர்டாமிலும், 1908-இல் ஆலிஸ் சாலமன் முயற்சியால் பெர்லினிலும் பயிற்சிக் கூடங்கள் திறக்கப்பட்டன. மருத்துவக் கல்வியைச் சீர்திருத்திய ஆபிரகாம் பிளெக்ஸ்னர், சமூகப்பணிக்குத் தனக்கென ஒரு செயல்நுட்பம் இல்லையாதலால் அதனை முழுமையான தொழில்நெறியாகக் கருத இயலாது என்று 1915-இல் உரைத்தது இத்துறையினரை ஆழமாகத் தாக்கியது. இரண்டாண்டுகளுக்குப் பின் மேரி ரிச்மண்ட் வெளியிட்ட ‘சமூக நோயறிதல்’ என்னும் நூல், ஒருவரின் சிக்கலை விசாரித்து, சான்றுகளைத் தொகுத்து, காரணங்களைப் பிரித்தறியும் முறையை விரிவாக வகுத்ததன் மூலம் அக்குறையைப் பெருமளவு போக்கியது.

இந்தியாவில் இக்கல்வி பம்பாயில் தொடங்கியது. அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்டு மன்ஷார்ட், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த நாக்பாடா பகுதியில் அண்டையர் இல்லம் ஒன்றை நடத்திவந்தார். அப்பணிக்குப் பயிற்சி பெற்றவர்கள் கிடைக்காத நிலையை நேரில் கண்ட அவர் முன்வைத்த திட்டத்தை டாடா அறக்கட்டளை ஏற்க, 1936-இல் சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி அந்த இல்லத்திலேயே திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அப்பள்ளி நிறுவிய குழந்தை வழிகாட்டு மருத்துவமனை, மனநலத்துறையில் இந்தியச் சமூகப்பணி காலூன்றிய இடங்களுள் முதன்மையானது. மன்ஷார்ட்டுக்குப் பின் 1941-இல் இயக்குநர் பொறுப்பை ஏற்ற ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர், தஞ்சாவூர்த் தமிழ்க் குடும்பத்தவர். அவர் காலத்தில், 1944-இல், பள்ளியின் பெயர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என மாறியது. 1964-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

1946-இல் இளம்பெண்கள் கிறித்தவ சங்கத்தின் முயற்சியால் லக்னோவில் தோன்றிய பள்ளி விரைவிலேயே தில்லிக்கு இடம்பெயர்ந்து பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1947-இல் காசி வித்தியாபீடமும் குஜராத் வித்தியாபீடமும் காந்திய நிர்மாணத் திட்டங்களின் வழியில் இக்கல்வியைத் தொடங்கின. சென்னையில் 1952-இல் சமூகப்பணிப் பள்ளி நிறுவப்பட்டதற்கு மேரி கிளப்வாலா ஜாதவ் முதற்காரணர். உதகமண்டலத்தில் பிறந்து, கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பின் வழியாக ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இல்லங்களை நடத்தியவரும், பின்னர்ச் சென்னை நகரின் ஷெரிப்பாகப் பணியாற்றியவருமான அவர், மனமுவந்து தொண்டாற்றுவோரோடு பயிற்சி பெற்ற பணியாளர்களும் இருந்தாலன்றி இத்தகைய இல்லங்கள் சிறவா என்பதைத் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தார். அதே ஆண்டில் கொழும்பிலும் சமூகப்பணிப் பயிற்சி நிறுவனம் ஒன்று தோன்றியது. இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக இயங்குவது அதன் வளர்ச்சியே.

தென்னிந்தியக் கல்லூரிகளில் இத்துறையின் போக்கை ஒரு சட்டப்பிரிவு பெரிதும் தீர்மானித்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49-ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட ஆலைகள் நல அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று விதித்தது. நிலையான ஊதியமுள்ள பதவி இருந்ததால் மாணவர்கள் தொழிலாளர் நலப் பிரிவை நாடினர். காலப்போக்கில் அப்பிரிவு பணியாளர் மேலாண்மையாகவும் மனிதவள மேலாண்மையாகவும் உருமாறியது. ஆலைகளின் மனிதவளத் துறைகளில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரிகள் பலர் காணப்படுவதற்கு இதுவே காரணம். நலிந்தோர்க்கென உருவான ஒரு கல்வியின் ஆற்றல், நிர்வாகத்தின் தேவைக்கு இவ்வளவு எளிதாகத் திருப்பப்பட்டது வருந்தத்தக்கதே.

மருத்துவ, உளமருத்துவச் சமூகப்பணி, குடும்பநலமும் குழந்தைநலமும், சமுதாய வளர்ச்சி ஆகியவை பிற சிறப்புப் பிரிவுகள். எப்பிரிவை எடுத்தாலும் மூன்று அடிப்படை முறைகள் பொதுவானவை: ஒருவரோடோ ஒரு குடும்பத்தோடோ நேரடியாக இயங்கும் தனியாள் பணி, ஒத்த நிலையிலுள்ளோரைக் கூட்டி ஒருவர்க்கொருவர் துணையாக்கும் குழுப்பணி, ஒரு தெருவோ ஊரோ தன் தேவையைத் தானே கண்டு செயற்படத் தூண்டும் சமுதாய ஒருங்கமைப்பு. இவற்றை வகுப்பறையில் விளக்கிவிடலாம், கற்பது களத்தில்தான். மாணவர்கள் வழக்கமாக வாரத்தில் இரு நாட்கள் அரசு மருத்துவமனை, மாநகராட்சிப் பள்ளி, கூர்நோக்கு இல்லம், குடிசைப் பகுதி, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் பணிபுரிகின்றனர். இடையே ஊரக முகாமும், படிப்பின் முடிவில் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் நீளும் களப்பயிற்சியும் அமைகின்றன. காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்திய ஒருவரிடம் அறிவுரை கூறுவது எளிது. மருத்துவமனைக்கு வரும் நாளில் அவருடைய கூலி போய்விடுகிறது, நோய் தெரிந்தால் வீட்டு உரிமையாளர் காலிசெய்யச் சொல்வார் என்பனவற்றை அவர் வாயாலேயே கேட்டறியும் பொறுமை பழகிப் பெற வேண்டியது. மாணவர் அவ்வுரையாடலை எழுத்தில் பதிவுசெய்ய, தாம் எங்கே குறுக்கிட்டார், எதைக் கேளாமல் விட்டார் என்பதை ஆசிரியர் தனிச் சந்திப்பில் சுட்டிக்காட்டுகிறார். இம்மேற்பார்வையே கல்வியின் உயிர்நாடியாதலின், மாணவர் எண்ணிக்கை பெருகி ஆசிரியர் எண்ணிக்கை பெருகாத கல்லூரிகளில் முதலில் சேதமுறுவதும் இதுவேயாகும். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரச் சிற்றூர்களில் பணியாற்றிய மாணவர்கள், உணவும் உடையும் வந்து சேர்ந்த பின்னரும் தீராத இழப்பின் துயரோடு நாள்தோறும் அமர்ந்திருப்பதும் பணியே என்பதை அங்குதான் கற்றனர்.

இந்தியப் பாடத்திட்டம் அமெரிக்க அச்சில் வார்க்கப்பட்டது என்ற குறைகூறல் பல்லாண்டுகளாக உண்டு. தனியாளின் மனச்சிக்கலை மையமாகக் கொண்ட முறைகள், சாதியும் நிலமின்மையும் துன்பத்தின் ஊற்றுக்கண்ணாக உள்ள நாட்டில் முழுமையாகப் பொருந்தா என்பது நியாயமான வாதமே. மற்றொரு குறை குறைவாகவே பேசப்படுகிறது. அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டின் சமுதாய மனநல மையச் சட்டத்திற்குப் பின், உள்ளூர் மக்களே உதவிப் பணிக்குத் தகுதிபெறும் வண்ணம் ‘மனிதநலச் சேவைகள்’ என்னும் ஈராண்டுக் கல்லூரிப் படிப்புகள் பெருகின. இந்தியாவிலோ பட்டமேற்படிப்பாகவே தொடங்கிய இக்கல்விக்கும், 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர்க்கும் இடையே பாலம் அமையவில்லை. குறுகிய காலப் பயிற்சியோடு ஊருக்குள் நின்று அன்றாடம் உதவும் பெண்கள், இப்பட்டத்தை நோக்கி ஏறிச்செல்லப் படிகள் இல்லை.

வழக்கறிஞர்க்கும் மருத்துவர்க்கும் உள்ளது போன்ற, துறை முழுவதையும் ஒழுங்குபடுத்தும் சட்டபூர்வமான தனி மன்றம் இந்தியச் சமூகப்பணியாளர்க்கு இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒவ்வொரு நீதிக் குழுமத்திலும் இரு சமூகப்பணியாளர்கள் இடம்பெற வேண்டும் என்கிறது. எனினும், அப்பொறுப்புக்கு உரிய பட்டங்களாக அது குழந்தை உளவியல், உளமருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றையே பெயர் சுட்டுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உளமருத்துவச் சமூகப்பணியாளர்க்குரிய கல்வித்தகுதியை வரையறுத்தது. 2021-ஆம் ஆண்டின் துணைநிலை, நலவாழ்வுத் தொழில்நெறியாளர்க்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ, உளமருத்துவச் சமூகப்பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அது நலவாழ்வுத் துறைக்கான சட்டமாதலால், குடிசைப் பகுதிகளிலும் ஊராட்சிகளிலும் சமுதாய ஒருங்கமைப்பில் ஈடுபடும் பட்டதாரிகளுக்கு இத்தகைய பதிவுமுறை இன்னும் அமையவில்லை.