ஸ்டேன்ஸ் (குடும்பப்பெயர்)

ஸ்டேன்ஸ் என்பது ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த ஆங்கிலேயக் குடும்பப்பெயர். லண்டனுக்கு மேற்கே, தேம்சு ஆற்றங்கரையில் ஸ்டெயின்ஸ் என்னும் ஊர் உள்ளது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்' என்றால் கல். 1086-ஆம் ஆண்டு நிலப்பதிவேடான டூம்ஸ்டே நூலில் அவ்வூர் 'ஸ்டேன்ஸ்' என்றே எழுதப்பட்டுள்ளது. ஊரைவிட்டுப் பெயர்ந்தவரைப் பிறர் ஊர்ப்பெயரால் அழைக்க, அதுவே பிள்ளைகளுக்கும் நிலைத்தது. நம்மவர் பெயருக்கு முன் ஊரைச் சேர்ப்பது போலத்தான். 

கொங்கு நாட்டில் இப்பெயரைப் பதித்தவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். காப்பி வணிகராக இருந்த இவர் 1862-இல் கோவையில் பள்ளி தொடங்கினார். 1888-இல் இவர் முயற்சியால் எழுந்த நூற்பாலையை மக்கள் 'ஸ்டேன்ஸ் மில்' என்றே அழைத்தனர். கோவையின் முதல் நூற்பாலை அதுவே. திருப்பூரிலிருந்து அவினாசி சாலை வழியாகக் கோவைக்குள் செல்வோர் ஸ்டேன்ஸ் பள்ளியை இன்றும் காணலாம்.