பாலர் சபையில் காதலும் மகரக்கட்டும்

1918ஆம் ஆண்டு மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யை ஸ்தாபித்த சங்கரதாஸ் சுவாமிகள், வயது வந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையைக் கண்டு மனம் சலித்தவராய், சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளைகளைக் கொண்டே நாடகம் நடத்துவதென்று தீர்மானித்தார். அவ்வாண்டிலேயே ஆறு வயதுப் பாலகனாகத் தம் தமையன்மாருடன் அதிற் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அதன்பின் பெருகிய பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிப் பேசுவோர், அவை வளர்த்த சங்கீதத்தையும் சினிமாவுக்கு ஈந்த நட்சத்திரங்களையும் விஸ்தாரமாகச் சொல்வர். அங்கே பிள்ளைகள் காதலைக் கற்ற விதமும், பருவம் எய்தியபோது அடைந்த ஏமாற்றமும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அரும்பு மீசையும் முளைக்காத ராஜபார்ட்டு, அதாவது நாயகன் வேடமிட்ட சிறுவன், சேலை உடுத்தி முகத்தில் அரிதாரம் பூசி நிற்கும் இன்னொரு சிறுவனாகிய ஸ்திரீபார்ட்டைத் தினைப்புனத்தில் மறித்து, வேலனாக நின்று வள்ளியோடு தர்க்கம் செய்வான். விரகதாபத்தின் பொருள் இன்னதென்று அறியாமலே அதைப் பிழையின்றிப் பாடுவான். தாளம் தவறினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். இப்பாடல்களை இயற்றிய சங்கரதாஸ் சுவாமிகளோ தலயாத்திரை சென்று துறவுக்கோலம் பூண்டவர்! அபிமன்யு தன் மாமன் மகளைக் காதலித்து மணக்கும் 'அபிமன்யு சுந்தரி'யைச் சிறுவன் சண்முகத்துக்காகவே அவர் ஓரிரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி.

கொட்டகையின் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பையன்களின் கதியை யோசித்துப் பாருங்கள். விடியும்வரை வள்ளியின்மேல் கண் வாங்காமல் இருந்துவிட்டு, மறுநாள் ஆற்றங்கரையில் அதே வள்ளி கோவணத்துடன் குதித்துக் குளிப்பதைப் பார்த்து முதற்காதலை இழந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்திருப்பார்கள். பிற்காலத்தில் சிம்மக்குரலோன் என்று பேரெடுத்த சிவாஜி கணேசனே சிறுவயதில் சீதையாக நடித்தவர்தாமே!

ஆனால் மெய்யான துக்கம் மேடையின்மேல் நின்றவனுக்குத்தான். ஐந்து கட்டை சுருதியில் கணீரென்று பாடிவந்த பையன், பதினான்கு பதினைந்து வயதில் ஒருநாள் மேல்ஸ்தாயிக்கு எழும்போது குரல் பிசிறி இரண்டாகப் பிளக்கும். ஆர்மோனியக்காரர் சுருதியைத் தாழ்த்திப் பார்ப்பார், பக்கவாட்டில் நின்று ஒருவர் கூடவே பாடிச் சமாளிப்பார், சபையோர் சிரித்துவிடுவார்கள். கம்பெனிகளில் இதற்கு மகரக்கட்டு என்று பெயர். காதல் என்றால் என்னவென்று நெஞ்சு முதன்முதலாக உணரத் தொடங்கும் அதே பருவத்தில், அதைப் பாடும் குரல் போய்விடும். ராஜபார்ட்டு வேடம் வேறொரு பாலகனுக்குப் போகும். நேற்றுவரை நாயகனாக இருந்தவன் சேவகனாக நிற்பான், அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவான். வளர்ந்ததைத் தவிர வேறு குற்றம் அவன்மேல் இல்லை. குரல் உடைந்த பிள்ளைக்கு வேறொரு ஜீவனோபாயம் காட்டிவிட வேண்டும் என்ற கடமையை அத்தொழில் ஏற்றுக்கொள்ளாததை நான் ஒரு பெருங்குறையாகவே கருதுகிறேன்.

தப்பிப் பிழைத்தவர்களும் உண்டு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் புகழோடு பாடிய பி. யு. சின்னப்பா, குரல் உடைந்தபின் கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பி, சங்கீதத்தை மறுபடி முறையாகப் பயின்று, தேகப்பயிற்சியும் சிலம்பமும் கற்று, 1940இல் 'உத்தமபுத்திரன்' திரைப்படத்தில் இரட்டை வேடத்தில் தோன்றினார். சண்முகத்தின் வழி வேறு. பாலப்பருவத்தில் அபிமன்யுவாகக் காதல் பாடிய அவருக்கு, முப்பது வயதையொட்டி நிலைத்த கீர்த்தியைத் தேடித்தந்தது, கலியாணத்துக்கு அஞ்சி இளமையை வேண்டாமென்று முதுமையைக் கேட்டு வாங்கியதாகக் கதை வழங்கும் ஒரு மூதாட்டியின் வேடம். அன்றுமுதல் அவர் ஔவை சண்முகம் ஆனார்.