எஃகுக் கிதாரும் கோட்டுவாத்தியமும்

கச்சேரி என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருபவர் பாடகரே. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ராகம் அறுந்துவிடாமல் காப்பவர் பக்கவாத்தியக்காரர். விளம்பரத்திலோ அவர் பெயர் சிறிய எழுத்தில்தான் இருக்கும். மேல்நாட்டிலும் இதே நிலைமைதான். இங்கிலாந்தின் எரிக் கிளாப்டன் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை ராக் இசையோடு இணைத்துப் புகழடைந்த மூத்த கலைஞர். தமது இசைவாழ்வின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2013-ல் அவர் நிகழ்த்திய கச்சேரிகளில் 'பெடல் ஸ்டீல்' என்னும் எஃகுக் கிதாரை வாசித்துத் துணை நின்றவர் கிரெக் லீஸ்.

அந்தத் துணை எத்தகையது என்பதை அறிய வாத்தியத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். இதில் விரலால் தந்தியை மெட்டின்மீது அழுத்துவதில்லை. படுக்க வைத்த தந்திகளின்மேல் எஃகுத் துண்டு ஒன்றை வழுக்கிச் செலுத்துவர்; காலால் மிதிக்கும் கட்டைகள் சுருதியை ஏற்றி இறக்கும். ஆகவே ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒலி முறியாமல், மனிதக் குரலைப் போலவே செல்லும். பாடகர் நிறுத்திய இடத்திலிருந்து உணர்ச்சியைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல இதைவிட ஏற்ற கருவி வேறு ஏது?

இக்கருவி பிறந்த இடம் ஹவாய்த் தீவுகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்பவர் இம்முறையைப் பரப்பினார் என்பது பொதுக் கருத்து. இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் 1884-ஆம் ஆண்டளவிலேயே ஹானலூலுவில் இவ்விதம் வாசித்ததாக ஹவாய் இசையாசிரியர் சார்லஸ் கிங் கூறியிருக்கிறார்.

அதே 1880-களில்தான் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கங்களை ஆழப்படுத்திக்கொண்டிருந்தனர். வெள்ளையரின் கிளப்புகளில் மேல்நாட்டு நடன இசை ஒலித்தது. வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் குடியிருப்புகளில் பறையும் நாயனமும் ஒலித்தன. இரண்டும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று அணுகவில்லை.

ஆனால் வழுக்கி வாசிக்கும் கலை தென்னாட்டுக்குப் புதிதன்று. திருவிடைமருதூர் ஸகாராம ராவ் கோட்டுவாத்தியத்திற்குப் பெருமை தேடித் தந்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பயின்றவர். தங்கவயல் அடங்கியிருந்த மைசூர் சமஸ்தானத்திலேயே நாராயண ஐயங்கார் (1903-1959) அவ்வாத்தியத்தில் புகழ் பெற்று விளங்கினார். கருங்காலித் துண்டு தந்தியில் வழுக்கும்போது பிறக்கும் கமகத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு, ஹவாய் நாதம் அந்நியமாகத் தோன்றாது.

1940-களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் கல்கத்தாவில் தங்கி இக்கருவியைப் பரப்பினார். அலி அக்பர் கானின் சீடர் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகங்களை வாசித்தார். 1967-ல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டு அதற்குச் சான்று. பின்னர் விசுவ மோகன் பட் மோகன வீணையை அமைத்தார். அவரும் அமெரிக்கரான ரை கூடரும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 1994-ல் கிராமி பரிசு பெற்றது. அதைப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர்.

அதே நிறுவனம் 1995-ல் வெளியிட்ட 'மும்தாஜ் மஹால்' நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. புளூஸ் இசையின் மூத்த பாடகர் தாஜ் மஹாலுக்கு இருபுறமும் மோகன வீணையும் சித்திர வீணையும் துணை நின்றன. சித்திர வீணை என்பது கோட்டுவாத்தியத்தின் மறுபெயரே. அதை வாசித்த ரவிகிரண் மைசூரில் பிறந்தவர். மேற்சொன்ன நாராயண ஐயங்காரின் பேரர். அடிமைத்தனத்தின் துயரத்தில் பிறந்த இசையும் தென்னாட்டு அரசவையில் வளர்ந்த இசையும் அங்கே சமமாக அமர்ந்தன. தங்கவயலின் ஒரே ஊருக்குள் கிளப்பும் குடியிருப்பும் காணாத சமத்துவம் அது.

2001-ல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னை எடுத்தவர்களின் பெயர்களுள் பெரும்பாலானவை ஏட்டில் ஏறவில்லை. மேடையில் துணை வாசிப்போருக்கும் அந்நிலை நேராதிருக்கவேண்டுமானால், மூத்த கலைஞரின் பாட்டைக் கேட்கும்போது அதைத் தாங்கும் தந்தி எவருடையது என்றும் நாம் கேட்டறிதல் வேண்டும்.