காப்புக்காடும் கட்டுப்படுத்தும் சொற்களும்



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்வோர், மலையடிவாரத்தில் ‘காப்புக்காடு’ என்னும் சொல் எழுதிய பலகைகளைக் காணலாம். அயலார் நுழையலாகாது, தீ மூட்டலாகாது, மரம் வெட்டலாகாது என்பன அதன் உட்பொருள். சில ஆண்டுகளுக்கு முன், அப்பகுதிக் கல்லூரி மாணவர் ஒருவர் இவ்வகை அறிவிப்பு ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து என்னிடம் காட்டினார். ‘ப்ரொஹிபிட்’ என்னும் வினையை அடுத்து ‘டு என்டர்’ என்று எழுதியிருந்தார். அதனை அடித்து, ‘ஃப்ரம் என்டரிங்’ என்று திருத்திக் கொடுத்தேன். அவர் பணிவுடனே கேட்டார்: “பொருள் விளங்கிவிட்டதே ஐயா! பக்கத்துச் சொல் மாறினால் என்ன கெட்டுவிடும்?”

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. வழக்கு அப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அக்கேள்விக்குரிய விடை இலக்கண நூலைக் காட்டிலும் அம்மாணவர் பிறந்த மலையின் வரலாற்றில் மிகுதியாகக் கிடக்கிறது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

முதலில் இலக்கணத்தைச் சிறிது நோக்குவோம். ஒரு சொல் பல பொருள் தருமாயின், அவற்றுள் எது கொள்ளத்தக்கது என்பதை, அது கொண்டு முடியும் வினையும், உடன் வரும் இனச்சொல்லும், சார்பும் காட்டும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே விதித்தார். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. ஆங்கிலத்தார் இக்கருத்தை முறையாக ஆராயத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான். டோக்கியோ நகரில் ஆங்கிலம் கற்பித்த ஹெரால்டு பாமர் என்பார், எச்சொல் எச்சொல்லோடு கூடிவரும் என்பதைத் தொகுத்து 1933-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பின்னர் இலண்டனில் புகழ்பெற்ற மொழியறிஞர் ஃபர்த், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்னும் கருத்தை 1950-களில் நிலைநாட்டினார். இந்த ஃபர்த் இளமையிலே லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

கட்டுப்படுத்தும் வினைகளில் இக்கூட்டுறவு மிகவும் கண்டிப்பானது. ‘லிமிட்’, ‘ரெஸ்ட்ரிக்ட்’, ‘கன்ஃபைன்’ ஆகிய மூன்றும் ‘டு’ என்பதைத் துணையாகக் கொள்ளும். அவை எல்லை வகுக்கும் சொற்கள். ‘இதுவரை வரலாம்’ என்று இடம் விட்டுக் கட்டுவன. ‘ப்ரொஹிபிட்’, ‘ப்ரிவென்ட்’, ‘பார்’ என்பன ‘ஃப்ரம்’ என்பதைக் கொள்ளும். அவை ஆளைச் செயலினின்றும் பிரித்து அப்பால் நிறுத்துவன. ‘ஃபர்பிட்’ என்னும் பழஞ்சொல் மட்டும், அதே பொருள் உடையதாயினும், ‘டு’ என்பதோடு நிற்கும். நம் மாணவர்களைத் தடுமாறச் செய்வது பெரும்பாலும் இந்தச் சொல்லே. ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்று பெயராகிவிட்டாலோ, அது ‘இம்போஸ்’ என்னும் வினையைத் தேடி, ‘ஆன்’ என்னும் துணையுடன் ஒருவர்மீது சுமத்தப்படும் பாரமாகிறது. தமிழிலும் இந்நிலை உண்டு. ‘மதுவிலக்கு’ என்பதில் விலக்கு என்பது தடை. ‘வரிவிலக்கு’ என்பதிலோ அதே விலக்கு சலுகை. பக்கத்துச் சொல் ஒன்று மாறியதும் தடையே சலுகையாகிவிட்டது அன்றோ?

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. அங்கு வாழும் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தாரைக் குறிக்கும் பெயரென்று எண்ணி மயங்கற்க. மலையை ஆள்பவர் என்பதே இங்குப் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மலைநாடு நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினரின் கீழ் இருந்தது. மலைச்சரிவைத் திருத்திப் புனம் அமைத்துத் தினையும் சாமையும் விளைத்தல் அவர்கள் தொழில்.

1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன் நிகழ்ந்த வாதம் மாணவர்கள் அறியத்தக்கது. 1878-இல் இந்திய அரசு இயற்றிய வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் ஏற்க மறுத்தது. இங்குள்ள காடு ஒவ்வொன்றும் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்கியது, ஊராருக்கு அதில் பழமையான அனுபவம் உண்டு என்பது சென்னை வருவாய் வாரியத்தின் நிலை. வடக்கே பேடன் பவல் முதலியோர் கருத்து வேறாக இருந்தது: ஊரார் விறகு பொறுக்குவதும் மாடு மேய்ப்பதும் உரிமை அல்ல, அரசு இரங்கி விட்டுவைத்த சலுகையே என்றனர். வனத்துறைத் தலைவராக விளங்கிய பிராந்திஸ் ஊராரின் உரிமைகளைப் பெரிதும் மதித்தவர். அவரே சென்னைக்கு வந்து இம்மாகாணச் சட்டத்தை உருவாக்குவதில் பங்கு கொண்டார்.

உரிமை, சலுகை என்னும் இரு சொற்களுக்காக அறிஞர் இத்துணைப் போராடுவானேன்? அவ்விரண்டும் ஆங்கிலத்தில் வெவ்வேறு வினைகளோடு கூடுவனவாதலின் அன்றோ! சலுகையாயின், ‘வித்டிரா’ என்று ஒரே சொல்லால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். உரிமையாயின் அவ்வாறு இயலாது. விசாரிக்க வேண்டும், தீர்வு காண வேண்டும், இழப்பீடு அளிக்க வேண்டும். எந்தப் பெயர்ச்சொல்லைச் சட்டத்தில் எழுதுகிறோமோ, அதைத் தொடரும் வினையும் அப்பொழுதே முடிவாகிவிடுகிறது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இடம் மாற்றிச் செய்யும் மலைவேளாண்மையைச் சலுகை என்றே குறித்து, அது அரசின் கட்டுப்பாட்டுக்கும் வரையறைக்கும் ஒழிப்புக்கும் உட்பட்டது என்றது. கட்டுப்பாடு, வரையறை, ஒழிப்பு! மூன்றும் படிப்படியாக ஏறி நிற்பதைக் காண்க.

சென்னைச் சட்டத்தின் நடைமுறை இது: ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க எண்ணினால் அரசு அறிவிக்கும். உரிமை கோருவோர் குறித்த கெடுவுக்குள் வனத் தீர்வு அதிகாரியிடம் கோர வேண்டும். கோரப்படாத உரிமை, இறுதி அறிவிப்போடு ‘எக்ஸ்டிங்விஷ்’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் தீயையும் அணைப்பர், உரிமையையும் அணைப்பர். இரண்டுக்கும் இந்த ஒரு வினையே. காட்டில் தீ மூட்டக் கூடாது என்று விதித்த அதே சட்டம், எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில், எத்தனை அனுபவங்களை ஓசையின்றி அணைத்ததோ!

இங்கும் ஒரு சொற்கட்டு உண்டு. அரசின் வசத்தில் உள்ள நிலத்தையே காப்புக்காடாக்கலாம் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஜாகீர் நிலம் அவ்வாறு அரசின் வசத்தில் இருந்ததன்று. ஜாகீர் ஆட்சி நாடு விடுதலை பெற்ற பின்னும் நீடித்து, 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. நாடெங்கும் குடியரசு முறை நிலவிய கால் நூற்றாண்டுக்கு மேல், மலைமீது வேறொரு காலம் நின்றுகொண்டிருந்தது என்பது நம்புதற்கரிய செய்தி. அதன் பின்னரே மலைமக்கள் ஜாகீர்தாரரை விடுத்து அரசை நேரே எதிர்கொள்ளலாயினர்.

அடுத்து, ‘ப்ரொஹிபிஷன்’. இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1937-இல் மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. கல்வராயன் மலைத்தொடரின் ஒரு பக்கம் அன்றைய சேலம் மாவட்டம். கள்ளக்குறிச்சிப் பக்கமோ தென்னார்க்காடு. ஆகவே ஒரே மலையின் ஒரு சரிவில் குற்றமாய் இருந்தது மறு சரிவில் குற்றமாகவில்லை. தடைச்சொல்லுக்கு எந்த இடப்பெயர் துணையாகிறது என்பதும் பொருளின் ஒரு பகுதியே. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. 1971-இல் தமிழ்நாட்டு அரசு அதனைத் தளர்த்தியபோது சட்டத்தை நீக்கவில்லை, நிறுத்தி வைத்தது. நிறுத்துதல் வேறு, நீக்குதல் வேறு. அதனால்தான் 1983 முதல் மது வாணிகம் செய்ய அரசுக் கழகமே இருந்தும், 1937-ஆம் ஆண்டுச் சட்டம் மதுவிலக்கு என்னும் பெயரோடு ஏட்டிலே உயிருடன் உள்ளது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டதும் இந்தச் சட்டத்தைத் திருத்தியே.

கட்டுப்படுத்தும் சொல்லுக்கு ஒரு சிறு அடைமொழி எத்துணை வலிமை தரும் என்பதற்குச் சென்னை வழக்குகள் சான்றாகும். பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஏடு தன் எல்லைக்குள் வரலாகாதென்று சென்னை அரசு 1950-இல் தடுத்தது. உச்ச நீதிமன்றத்தில் அத்தடை நிற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் சென்னை மாகாணத்தினின்றும் சென்ற நீதியரசர் பதஞ்சலி சாஸ்திரி. அதன் விளைவாக 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமையை வரம்பு செய்ய அரசுக்குப் புதிய காரணங்கள் கிடைத்தன. ஆனால் அவ்வரம்பு ‘நியாயமான’ வரம்பாக இருத்தல் வேண்டும் என்னும் அடைமொழியும் உடன் சேர்ந்தது. மறு ஆண்டு, மற்றொரு சென்னை வழக்கான வி. ஜி. ராவ் வழக்கில், தலைமை நீதிபதியாகிவிட்ட அதே சாஸ்திரி அவ்வடைமொழிக்கு அளவுகோல் வகுத்தார். பறிக்கப்படும் உரிமை எத்தகையது, தடுக்க எண்ணும் தீமை எவ்வளவு பெரிது, மருந்து நோய்க்கு மிஞ்சிவிடவில்லையா என்றெல்லாம் நோக்க வேண்டும் என்றார். ஓர் உரிச்சொல் வந்து அமர்ந்ததும், ‘அரசு தடுக்கலாம்’ என்பது ‘தடுத்தது தகுமா என்று நீதிமன்றம் கேட்கலாம்’ என்பதாக மாறிவிட்டது.

அதே பத்தொன்பதாம் உறுப்பில் மலைமக்களுக்கு நெருங்கிய தொடர் ஒன்றும் உண்டு. எவரும் நாட்டில் எங்கும் செல்லவும் தங்கவும் உரிமை உடையவர்; ஆயினும் பழங்குடியினர் நலனைக் காக்கும் பொருட்டு அவ்வுரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்பது அது. முன்பு மலையானைத் தடுத்த சொல், இங்கே அவனுக்காக அயலானைத் தடுக்கிறது.

‘ரிசர்வ்’ என்னும் வினையின் கதையும் இவ்வாறே. ஒதுக்கிவைத்தல் என்பது அதன் அடிப்பொருள். காடு என்னும் சொல்லோடு கூடியபோது அது 1882-இல் ஊராருக்கு வேலியாயிற்று. ‘ஃபார்’ என்னும் துணையோடு, இடம் என்னும் சொல்லை அடைந்தபோது, பழங்குடியினருக்குச் சட்டமன்றத்திலும் கல்லூரியிலும் வாயிலாயிற்று. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி அவ்வாறு ஒதுக்கப்பட்டதே. தமிழர் இதனை முன்னரே உணர்ந்தனர் போலும். ஒன்றனைக் காப்புக்காடு என்றும், மற்றொன்றனை இட ஒதுக்கீடு என்றும் வேறு வேறாகவே வழங்குகிறோம். அக்கல்லூரி மாணவர் வகுப்பில் அமர்ந்திருப்பது ஒரு ‘ரிசர்வ்’ காரணமாக. அவர் பாட்டனார் விறகுக் கட்டோடு வனக்காவலரைக் கண்டு அஞ்சியிருப்பின், அது மற்றொரு ‘ரிசர்வ்’ காரணமாக.

2006-இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. பழங்குடியினருக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை அதன் முன்னுரையே ஒப்புக்கொள்கிறது. உரிமை என்னும் பெயருக்கு அச்சட்டம் தேர்ந்த வினையை நோக்குக. ‘வழங்கப்படும்’ என்னாது, ‘அங்கீகரிக்கப்படும்’ என்கிறது. முன்னரே இருந்ததைத்தானே அங்கீகரிக்க முடியும்? பேடன் பவல் காலத்து வாதத்திற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த மறுமொழி அந்த ஒரு வினையில் அடங்கியுள்ளது. கோரிக்கையை முதலில் ஆராயும் பொறுப்பும் தீர்வு அதிகாரியை விட்டுக் கிராம சபையிடம் வந்தது.

அச்சட்டத்திலும் கட்டுப்படுத்தும் சொற்கள் இல்லாமல் இல்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்னரே உழுது அனுபவித்த நிலமாக இருத்தல் வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்படலாகாது. அந்நிலம் மக்களுக்கு வழிவழியாகச் செல்லும். விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது. மணமானவராயின் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். அந்த ‘இயலாது’ யாரைக் கட்டுகிறது, உழுபவரையா, மலைநிலத்தை வாங்க வரும் அயலாரையா என்று அம்மாணவரையே கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. திருத்திய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெள்ளிமலைப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று விடைபெற்றார்.