கட்டிக்கு எத்தனை டிகிரி?

குற்றாலத்தில் சூடு என்ற சொல்லுக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. சாரல் விழ ஆரம்பித்ததும், தலையில் எண்ணெய் வழிய ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகிற கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒடம்புச் சூடு தணியணும்லா." கண் எரிச்சலா, சூடு. வாய்ப்புண்ணா, சூடு. அக்குளில் ஒரு கட்டி எழும்பினால் அதுவும் சூட்டுக்கட்டி. அருவியில் நின்றால் சுகமாகத்தான் இருக்கிறது, அதில் தகராறு இல்லை. தகராறு அந்தக் கட்டியில்தான். புற்றுக்கட்டி தொட்டால் சுடுமா, சுடாதா? சுமார் 3,500 ஆண்டுகளாக மருத்துவத்தில் ஓடும் விவகாரம் இது.

1862-ல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் எகிப்தின் லக்ஸரில் ஒரு பாப்பிரஸ் சுவடியை வாங்கினார். கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட பிரதி. அதில் 45-வது நோயாளிக்கு மார்பில் திரண்ட கட்டிகள். கையை வைத்துப் பார், குளிர்ந்திருக்கும், காய்ச்சல் இருக்காது என்கிறது சுவடி. சிகிச்சை கிடையாது என்று முடித்தும் விடுகிறது. அதே சுவடியில் சீழ்பிடித்த மார்புப் புண் ஒன்று வருகிறது. அதைத் தொட்டால் வெப்பம் வீசும். ஆக, சுடுகிற கட்டிக்கு வழி உண்டு, சுடாத கட்டியைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்பது அந்தப் பெயர் தெரியாத வைத்தியரின் கணக்கு. மார்பகப் புற்றின் மிகப் பழைய குறிப்பு இதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

கிரேக்கர்கள் கையைத் தாண்டி ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஹிப்போக்ரடீஸ் பேரில் வழங்கும் நூல்களில் ஒன்று, நெஞ்சில் சீழ் எங்கே கோத்திருக்கிறது என்று பார்க்க மண் கரைசலில் நனைத்த துணியைப் போர்த்தச் சொல்கிறது. எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கே கீறலாம். ஈரத்துணியே வெப்ப வரைபடம்! நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் நாடிக்குப் பக்கத்தில் ஸ்பரிசம் இருக்கிறது. தொட்டு, உடம்பின் வெப்பமும் தட்பமும் அறிவது.

எண் வந்தது ரொம்பப் பிந்தி. லைப்சிக்கில் வுண்டர்லிக் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்து 1868-ல் புத்தகம் போட்டார். கிட்டத்தட்ட அதே சமயம் இங்கிலாந்தில் ஆல்பட், அடி நீளக் கருவியை ஆறு அங்குலமாகச் சுருக்கினார். காய்ச்சலுக்கு டிகிரி கிடைத்துவிட்டது. கட்டிக்கு இன்னும் இல்லை.

அது கிடைத்தது 1956-ல். மாண்ட்ரியலைச் சேர்ந்த ரே லாசன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், மார்பகப் புற்று உள்ள 26 பெண்களுக்குக் கட்டியின் மேலுள்ள தோலின் வெப்பத்தை அளந்தார். சராசரியாக 2.27 டிகிரி பாரன்ஹீட் கூடுதல்; செல்சியஸில் ஒன்றேகால் டிகிரி சொச்சம். 1963-ல் சுக்தாய் என்பவருடன் சேர்ந்து இன்னொன்றும் காட்டினார்: கட்டிக்குள் போகும் ரத்தத்தைவிட, கட்டியிலிருந்து வெளியேறும் ரத்தம் பலருக்குச் சூடாக இருந்தது. பெருகும் செல்கள் ஆற்றலை எரிக்கின்றன, புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, வெப்பம் கூடுகிறது. அப்படியானால் எகிப்திய வைத்தியர் பொய் சொன்னாரா? இல்லை. சீழ்க்கட்டியின் கொதிப்புக்குப் பழகிய கைக்கு, கொழுப்புக்கு அடியில் இருக்கும் ஒரு டிகிரி பிடிபடுவது கஷ்டம்.

பிறகு நடந்ததைக் காதல் கதை என்றே சொல்லலாம். ராணுவத்துக்காக வளர்ந்த அகச்சிவப்புக் கருவிகள் மருத்துவமனைக்குள் நுழைந்தன. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, தொடவே வேண்டாம். 1973-ல் அமெரிக்காவில் 29 மையங்களில் சுமார் 2,80,000 பெண்களுக்குப் பெரிய பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, மாமோகிராமுக்குப் பக்கத்தில் வெப்பப்படமும் உட்கார்ந்தது. சீக்கிரமே எழுந்து போக வேண்டியதாயிற்று. இருந்த புற்றுகளில் பாதிக்கு மேல் அதன் கண்ணில் படவில்லை. ஆழத்தில் கிடக்கும் கட்டியின் வெப்பம் தோல் வரை வந்து சேர்வதில்லை. சில கட்டிகள் சூடாவதே இல்லை. மாமோகிராமுக்கு இது மாற்று அல்ல என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்துவிட்டது.

தோலை விட்டு உள்ளேயே போனவர்களும் உண்டு. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மிஷெல் கோத்ரி மெல்லிய ஊசி உணர்விகளைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி அளந்தார். வேகமாக வளரும் கட்டி அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது என்று 1980-ல் எழுதினார்.

ஊசி வேறொரு வேலைக்கும் தேவைப்பட்டது. 1866-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் புஷ், தோல் தொற்றால் கடும் காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணின் முகத்திலிருந்த கட்டி கரைந்ததாக எழுதினார். அப்போதிருந்தே ஓர் ஆசை: சூட்டாலேயே புற்றை அடிக்க முடியுமா? இன்று கட்டியை 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கூடவே கதிர்வீச்சும் கொடுக்கிறார்கள். 2000-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முற்றிய கருப்பை வாய்ப் புற்றில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 27 சதவீதத்திலிருந்து 51-க்கு ஏறியது. 2005-ல் வந்த பல நாட்டு ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. 2010-ல் மும்பை நானாவதி மருத்துவமனையின் நாகராஜ் ஹுயில்கோல் குழு, தலை கழுத்துப் புற்றில் நல்ல பலன் கண்டதாக அறிவித்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. இந்த இழுபறிக்கு ஒரு காரணம் அளவீடு. ஊசி தன் முனை இருக்கும் இடத்தின் டிகிரியை மட்டுமே சொல்லும். பக்கத்தில் ஓடும் ரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். ஐந்தருவியில் ஒரு கிளையில் கையை நீட்டிவிட்டு, மற்ற நாலின் வேகத்தைச் சொல்வது மாதிரிதான்.

கைவிடப்பட்ட வெப்பப்படம் நம் ஊரில் திரும்பி வந்திருக்கிறது. 2016-ல் பெங்களூரில் கீதா மஞ்சுநாத் தொடங்கிய நிரமை நிறுவனம், வெப்பப் படங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படிக்கிறது. மாமோகிராம் இயந்திரம் எட்டாத ஊர்களுக்கு அதைத் தூக்கிப் போக முடியும் என்பது உண்மையான ஈர்ப்பு. பழைய தோல்வி படம் எடுத்ததிலா, படித்ததிலா என்பதற்குப் பெரிய, நீண்ட ஆய்வுகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்ட நீண்ட ஆய்வு ஒன்று இந்தியாவில் நடந்திருக்கிறது, கேமரா இல்லாமல். டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1998 முதல் மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு பின்தொடர்ந்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், பாதிப் பேரின் மார்பகங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். மொத்தத்தில் மரணம் குறைந்ததை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 2021-ல் வெளிவந்த முடிவு இது. அந்தக் கைகள் தேடியது சூட்டை அல்ல. கெட்டிப்பை, வடிவத்தை, போன தடவை இல்லாத ஒன்றை.

சூட்டுக்கட்டி என்ற சொல் நம் வீடுகளில் இன்னும் ரொம்ப நாள் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். சூட்டுக்கட்டி வலிக்கும், சிவக்கும், பழுக்கும், உடையும். வலிக்காமல், சுடாமல், போகாமல் நிற்கிற கட்டி வேறு ஜாதி. அம்மாவோ சித்தியோ "இது சூடுதாம்ல, அருவில ரெண்டு நாள் குளிச்சா சரியாயிரும்" என்று சொன்னால், குளிக்கட்டும். ஊர் திரும்பியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.