டர்போ கார்களில் அழுத்தக் கட்டுப்பாட்டின் வரலாறு

டர்போ அழுத்தக் கட்டுப்பாடு என்பது, டர்போசார்ஜர் பொருத்திய எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) எஞ்சின் தாங்கும் அளவுக்குள் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு ஆகும். அழுத்தம் குறைந்தால் காரில் இழுவை இருக்காது. அளவு மீறினால் பிஸ்டன் உருகும் அல்லது ஹெட் கேஸ்கெட் போகும். டர்போவுக்கான காப்புரிமை 1905இல் பெறப்பட்டது. அது அன்றாடக் காரில் நம்பி ஓட்டக்கூடிய பொருளாக மாற முக்கால் நூற்றாண்டு ஆனது. அழுத்தத்தை உண்டாக்கக் கற்றுக்கொண்ட அளவுக்கு அதை அடக்கக் கற்றுக்கொள்ளாததே இத்தாமதத்தின் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அடிப்படைச் சிக்கல்

எரிந்து வெளியேறும் வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் எரிபொருள் எரியும்; வெளியேறும் வாயு பெருகும்; டர்பைன் இன்னும் வேகமாகச் சுழலும். இவ்வாறு டர்போ தன்னைத் தானே வளர்த்துக்கொண்டே போகும்.

இதனால் பெட்ரோல் எஞ்சினில் ஏற்படும் பெரிய ஆபத்து நாக்கிங். தீப்பொறியிலிருந்து சீராகப் பரவ வேண்டிய எரிதலுக்கு முன்பாகவே, மீதமுள்ள கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகப் பற்றி வெடிப்பதை இச்சொல் குறிக்கும்.

வானூர்திகளில் தொடக்கம்

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் டர்போவுக்கான காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஒரு லிபர்ட்டி வானூர்தி எஞ்சினைக் கொண்டுசென்று சோதித்தார். காற்று மெலிந்த அந்த உயரத்திலும், டர்போவின் உதவியால் எஞ்சின் கடல் மட்டத் திறனை எட்டியது.

டர்பைனுக்குப் போகும் வாயுவின் ஒரு பகுதியை வேறு வழியில் திருப்பிவிடும் கதவே வேஸ்ட்கேட். இரண்டாம் உலகப் போர்க்கால பி-17 குண்டுவீச்சு விமானத்தின் பிந்தைய வடிவங்களில், நான்கு எஞ்சின்களின் டர்போ அழுத்தத்தையும் விமானி ஒரே குமிழைத் திருப்பி அமைக்க மின்னணுக் கட்டுப்பாடு இருந்தது. கார் ஓட்டுநரிடம் அத்தகைய பயிற்சியை எதிர்பார்க்க முடியாது.

1962: இரண்டு அமெரிக்கக் கார்கள்

ஜெனரல் மோட்டார்ஸ் 1962இல் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செவ்ரோலெட் கோர்வேர் மோன்சா ஸ்பைடரில் வேஸ்ட்கேட் கிடையாது. கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஏற்படுத்திய தடையே அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொண்டது. எளிய வழிதான், ஆனால் கிடைத்த பலனும் அந்தத் தடையோடு நின்றது.

ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் வேறு வழியில் சென்றது. அதில் வேஸ்ட்கேட் இருந்தது. 215 கன அங்குல எஞ்சின் 215 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதன் அமுக்க விகிதம் 10.25:1. டர்போ எஞ்சினுக்கு இது மிக அதிகம். நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் செலுத்தினர். தொட்டி காலியானால் ஒரு பாதுகாப்பு வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். பலர் திரவத்தை நிரப்ப மறந்தனர். காரில் இழுவை இல்லை என்று குறைகூறினர். 1963உடன் உற்பத்தி நின்றது. பின்னர் டர்போவைக் கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுக்கவும் நிறுவனம் முன்வந்தது. பாதுகாப்பு அமைப்பு எஞ்சினைக் காத்தது. ஆனால் அதன் நலம் உரிமையாளரின் நினைவாற்றலை நம்பியிருந்தது.

சாப் நிறுவனத்தின் தீர்வு

ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1977இல் 99 டர்போவை அறிமுகப்படுத்தியது. பொறியாளர் பேர் கில்பிராண்டு சிறிய டர்போவைத் தேர்ந்தெடுத்தார். குறைந்த வேகத்திலேயே அழுத்தம் எழும்; மிகுதியை வேஸ்ட்கேட் வெளியேற்றும். 2 லிட்டர் எஞ்சினிலிருந்து 145 குதிரைத்திறன் கிடைத்தது.

ஆயினும் வேஸ்ட்கேட்டின் சுருள்வில் ஒரே எல்லையைத்தான் அறியும். பெட்ரோலின் தரமோ வெயிலின் சூடோ அதற்குத் தெரியாது. ஆகவே மிக மோசமான நிலைமையைக் கருதியே எல்லையை வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பியூக் 1978இல் நாக்கிங் உணரியைப் பயன்படுத்தித் தீப்பொறி நேரத்தைத் தள்ளிவைத்தது. சாப் உருவாக்கிய ஏ.பி.சி. முறை அதே வகை உணரியைக் கொண்டு அழுத்தத்தையே மாற்றியது. எஞ்சின் பிளாக்கில் பொருத்திய உணரி நாக்கிங்கைக் கேட்டவுடன், மின்காந்த வால்வு ஒன்றின் வழியாக வேஸ்ட்கேட் திறக்கப்படும். நாக்கிங் அடங்கினால் அழுத்தம் மீண்டும் ஏறும். 1980களின் தொடக்கத்தில் சாப் 900 டர்போவில் இது வந்தபோது, அமுக்க விகிதத்தை 7.2இலிருந்து 8.5ஆக உயர்த்த முடிந்தது. ஜெட்ஃபயர் உரிமையாளரிடம் கேட்ட கவனத்தை, இங்கு எஞ்சினே எடுத்துக்கொண்டது.

பந்தயத்தில் கட்டுப்பாடு

ரெனால்ட் 1977இல் டர்போவை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. 1986இல் தகுதிச்சுற்றுகளில் அழுத்தம் 5 பாரையும் தாண்டியது. ஒரு சில சுற்றுகள் தாங்கினால் போதும் என்று எஞ்சினைப் பிழிந்தனர். எனவே 1987இல் 4 பார் என்ற எல்லையும், 1988இல் 2.5 பார் என்ற எல்லையும் விதிக்கப்பட்டன. எல்லை மீறினால் திறந்துகொள்ளும் வால்வு ஒவ்வொரு காரிலும் கட்டாயமானது. அந்தக் கடுமையான எல்லைக்குள்ளும் 1988இல் மெக்லாரன்-ஹோண்டா 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. 1989இல் டர்போ தடைசெய்யப்பட்டது.

பழுது காணலும் சரிசெய்தலும்

இயந்திர வேஸ்ட்கேட்டில் சுருள்வில் கதவை மூடுகிறது. சிறு ரப்பர் குழாய் வழியே வரும் அழுத்தம் டயாபிரத்தைத் தள்ளி அதைத் திறக்கிறது. பழுதைப் படிக்க இந்த ஒரு வரி பெரிதும் உதவும். கம்ப்ரசருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பெரிய குழாய் கசிந்தாலோ, கதவு திறந்தபடி சிக்கினாலோ அழுத்தம் குறையும். சமிக்ஞை கொண்டுசெல்லும் சிறு குழாய் கழன்றாலோ, டயாபிரம் கிழிந்தாலோ கதவு திறக்காது. அழுத்தம் எல்லை மீறும். இரண்டாவதே ஆபத்தானது. கார் வழக்கத்தைவிட நன்றாக இழுப்பதால் ஓட்டுநர் அதைப் பழுதாகவே நினைக்கமாட்டார்.

கூடுதல் திறனுக்காக அந்தச் சிறு குழாயில் கசிவு வால்வு வைப்பது பழைய வழக்கம். வேஸ்ட்கேட்டுக்கு உண்மையைவிடக் குறைந்த அழுத்தத்தைக் காட்டி ஏமாற்றும் உத்தி இது. குழாய்களின் கசிவைச் சோதிக்காமலும், எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் சரிபார்க்காமலும் வால்வைத் திருகியவர்கள் பல எஞ்சின்களை இழந்தனர்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் கணினியே வேஸ்ட்கேட்டை இயக்குகிறது. எனினும் அழுத்தத்தை அளந்து, நாக்கிங்கைக் கேட்டு, தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் முறை ஏ.பி.சி. காட்டிய வழியில்தான் தொடர்கிறது.